அமைதியில் நூற்றுக்கு நூறு

அரையாண்டுக் கணக்குத் தேர்வின்போது அந்தோணிசாமியின் மகள் ஜான்சி விடைத்தாளின் மேல் வாந்தி எடுத்தாள். அதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை என்று தலைமை ஆசிரியை விருத்தாம்பாள் பெருந்தன்மையோடு சொன்னார். கூடுதல் தாள் வாங்கி அதில் எடுத்திருக்கலாம் என்பதுதான் அவருடைய வருத்தம்.

அந்தோணிசாமி கடலூர் - சிதம்பரம் பேருந்தில் கண்டக்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், காக்கிச் சட்டையோடும் தோளில் தொங்கிய தோல் பையோடும் அப்படியே ஓடி வந்திருந்தார். தலைமை ஆசிரியையின் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அவருக்கு, தான்தான் ஏதோ டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டதுபோல் இருந்தது.

"படிப்பெல்லாம் நல்லாத்தான் படிக்குது. படபடப்புதான் ஜாஸ்தியா இருக்கு" என்றார் விருத்தாம்பாள். "ரிவிஷன் டெஸ்ட்ல கை நடுங்குது. பிரேயர்ல மயங்கி விழுது. இப்ப இது. பப்ளிக் எக்ஸாம்ல இப்பிடி ஆச்சுன்னா எங்க நூறு பர்சன்ட்டு என்னா ஆவறது?"

"மேடம், பாப்பா என்னா ஆவறது?"

"நானும் அதத்தான சார் சொல்றேன். நூறு பர்சன்ட்டுன்னா அதுல உங்க பொண்ணும் ஒண்ணுதானே."

ஜான்சிக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச்சில். அதற்குள் சிதம்பரத்திலுள்ள 'தில்லை சிறார் மன அமைதிப் பயிலகத்தில்' சேர்ந்து அமைதியில் தேர்ச்சி பெற்று, அதற்கான சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் இந்த வருடம் தேர்வு எழுத அனுப்ப மாட்டார்கள். அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பெண்ணைப் பயமுறுத்தாமல் பக்குவமாக விஷயத்தைச் சொல்லும்படி விருத்தாம்பாள் கேட்டுக்கொண்டார்.

அந்தோணிசாமிக்குச் சான்றிதழைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு ஜான்சி சரியாகச் சாப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கென்று முன்னதாகவே சுட்ட அதிரசத்தைக்கூட ஓரமாகக் கிள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அவள் அம்மா சின்னம்மாள் அந்த 'ஒண்ணுமில்ல'யைக் கேட்டுக் கேட்டு, தானும் அப்படியே பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் மகளைத் தன் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு போனார். வழக்கமாக வரும் சனங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "இதான் மாவட்ட ஃபர்ஸ்ட் வரப்போற பொண்ணா?" என்று ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒருவர் கேட்டார். "இதேதான்! பேப்பர்ல போட்டோ வரும், பாத்துக்கங்க" என்று அந்தோணிசாமி விசில் ஊதினார். வண்டி உற்சாகமாகக் கிளம்பியது.

பயிலகம் மேல ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலை மறைத்தபடி ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. 'சென்ற ஆண்டு அமைதியில் நூற்றுக்கு நூறு' என்று எழுதி, கீழே பிள்ளைகளின் பாஸ்போர்ட் புகைப்படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் எதிரே லாரி வருவதைப் பார்த்த முகத்தோடு அமைதியாக இருந்தார்கள்.

இயக்குநர் தில்லைநாதன் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா வைத்திருந்தார்.

"முப்பது வருஷம் இதே கட்டடத்துல டியூஷன் நடத்தினேன்" என்று தொடங்கினார். "கடலூர் ஜில்லாவுல என்னைப் பார்த்து பயப்படாத பிள்ளையே கிடையாது. சில பிள்ளைங்க மாடிப்படியிலயே நின்னு அழும். ஒருநாள் உக்காந்து யோசிச்சேன். பயத்தைப் பத்தி நமக்கு இருக்கிற அனுபவம் வேற எந்த டாக்டருக்கு இருக்கு? போர்ட மட்டும் மாத்தினேன். பெஞ்சு, டெஸ்க்கு, பிரம்பு எல்லாம் அப்பிடியே இருக்கு."

"பிரம்பு எதுக்குங்க சார்?"

"அமைதிக்கு."

நுழைவுத் தேர்வு உண்டு என்றார். பயந்த பிள்ளைகளைச் சேர்த்தால் பயிலகத்தின் தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும். ஆகவே அமைதியான பிள்ளைகளுக்கே முன்னுரிமை.

"அப்ப பயந்த பிள்ளைங்க எங்க சார் போறது?"

"மேனேஜ்மென்ட் கோட்டாவுல சி பிரிவு இருக்கே" என்றார் தில்லைநாதன்.

நுழைவுத் தேர்வின் வினாத்தாளை அந்தோணிசாமி பிறகு படித்துப் பார்த்தார். 'பயத்திற்கும் பதற்றத்திற்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக' என்றது ஒரு வினா. 'உன் பயத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்றது இன்னொன்று. 'கோடிட்ட இடத்தை நிரப்புக: நான் எப்போதும் _____ இருக்கிறேன்.' ஜான்சி 'கடலூரில்' என்று நிரப்பியிருந்தாள். உண்மைதானே என்று அந்தோணிசாமிக்குத் தோன்றியது. அவளை சி பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

வகுப்பு சனி, ஞாயிறுகளில் நடந்தது. முதல் பீரியட் மூச்சு. மணி அடித்தால் இழுக்க வேண்டும், மறுபடி அடித்தால் விட வேண்டும். மணி அடிப்பவர் சில சமயம் டீ குடிக்கப் போய்விடுவார். மணி அடிக்கும் முன்பே மூச்சை விட்ட பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். இரண்டாவது பீரியட் சிரிப்பு. "எல்லாரும் சிரிங்க" என்று சொல்லிவிட்டு தில்லைநாதன் பிரம்போடு வரிசைக்கு நடுவே நடப்பார். பல் தெரியச் சிரித்தால்தான் முழு மதிப்பெண். மூன்றாவது பீரியடில் 'நான் பதற்றப்படும் பிள்ளை இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். கை வலித்தபோது ஜான்சி கடைசிச் சொல்லை விட்டுவிட்டு எழுதினாள். அந்தப் பக்கம் முழுவதும் அவள் உறுதியாகப் பதற்றப்படுவதாக இருந்தது.

நான்காவது பீரியட்தான் முக்கியமானது. மனம் விட்டுப் பேசுதல். அதிலும் தில்லைநாதன் ஒழுங்கு கொண்டுவந்திருந்தார். நாய், இருட்டு, இடி போன்றவை ஒரு மதிப்பெண் துக்கங்கள். வீட்டில் அப்பா அம்மா சண்டை, உட்தலைப்புகளோடு சொன்னால் ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் இரண்டே வாரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். புவனகிரியில் உரக்கடை வைத்திருந்த வைத்திலிங்கத்தின் மகன், தன் அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து தட்டை வீசி எறிவதாக எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினான். டீ கூடக் குடிக்காத வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டு, குடியின் தீமைகள் பற்றி அரை நாள் பேசினார்கள். மகன் முழு மதிப்பெண் வாங்கிய பெருமையில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

ஜான்சியிடம் "உன் துக்கம் என்ன?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல சார்" என்றாள். பூஜ்யம் போட்டார்கள்.

வீட்டுப்பாடமும் உண்டு. பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் அமைதியாக இருந்ததைப் பெற்றோர் பார்த்து உறுதிமொழி தர வேண்டும்.

"தூங்கறப்ப அமைதியா இருந்துச்சு. அது கணக்குல வருமா?" என்று கேட்டாள் சின்னம்மாள்.

"முழிச்சிருக்கறப்ப இருந்துச்சான்னு கேக்கறாங்க."

"இந்த வீட்டுல முழிச்சிருக்கறப்ப யாரு அமைதியா இருந்தா? நீ இருந்தியா? ராத்திரி முழுக்க புரண்டு புரண்டு படுத்துக்கிட்டு. மொதல்ல உன்ன கொண்டுபோய் அங்க சேக்கணும்."

முதல் மாதத் தேர்வில் அமைதியில் ஜான்சி பன்னிரண்டு எடுத்தாள். வகுப்பிலேயே கடைசி ரேங்க். அதைப் பயிலகத்தின் வாசலில் ஒட்டியிருந்தார்கள். போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிசாமியின் தோளை வைத்திலிங்கம் தட்டினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவ டியூஷன்ல போட்டீங்களா இல்லையா?"

"எதுக்கு டியூஷன்?"

"அமைதிக்குத்தான். புவனகிரியில ஒருத்தர் எடுக்கறாரு. காலைல ஆறு மணி பேட்ச்சு. போன வருஷ கேள்வி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வச்சிடுவாரு. என் பையன் 'என் மனம் தெளிந்த நீரோடை போல் உள்ளது'ன்னு தூக்கத்துலயே சொல்றான்னா பாத்துக்கங்க. தூக்கத்துலதான் அலறிக்கிட்டே சொல்றான். முழிச்சிருக்கறப்ப ரொம்ப தெளிவா சொல்றான்."

புவனகிரி அந்தோணிசாமியின் வழியில்தான் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து விடியுமுன்பே மகளை முதல் வண்டியில் ஏற்றி, டியூஷன் வாசலில் இறக்கிவிட்டார். அவள் கண்களைக் கசக்கிக்கொண்டு தெளிந்த நீரோடையை மனப்பாடம் செய்தாள். வண்டியில் எல்லாரும் விசாரித்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் இவ்வளவு காலையில் எழுந்து படிக்கப் போகிறது என்றால் மாவட்டத்தில் முதல் என்பது சந்தேகமே இல்லை என்று அவர்களுக்குள்ளேயே முடிவு செய்தார்கள். சிலர் மாநிலம் என்றார்கள். அந்தோணிசாமி மறுக்கவில்லை. ஜான்சி இட்லியில் பாதி சாப்பிட்டவள் கால் இட்லிக்கு வந்திருந்தாள்.

அவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிதானம் தப்பிக்கொண்டிருந்தது. புதுச்சத்திரம் கேட்டவருக்கு ஆலப்பாக்கம் கொடுத்தார். ஆலப்பாக்கம் கேட்டவரிடம் "மூச்ச இழுத்து விடுங்க" என்றார். விசிலை ஒரு தடவை ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு தடவை ஊதினால் போக வேண்டும் என்பதில் அவருக்கும் டிரைவருக்கும் வாக்குவாதம் முற்றியது.

இறுதித் தேர்வு பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை வந்தது. எழுத்துத் தேர்வு ஐம்பது, வாய்மொழித் தேர்வு இருபத்தைந்து, பெற்றோர் எழுதும் தாள் இருபத்தைந்து என்று பிரித்திருந்தார்கள். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். தாங்களும் தேர்வு எழுத வேண்டும் என்பது பெற்றோருக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் பதற்றப்படுவார்கள் என்று மனிதாபிமானத்தோடு மறைத்ததாக தில்லைநாதன் அறிவித்தார்.

தேர்வு தொடங்கும் முன் அவர் படியில் நின்று உரையாற்றினார். "இங்க யாரும் பயப்படக் கூடாது. பயப்படறவங்க யாருன்னு எனக்குத் தெரியும். பயந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரியும். நம்ம பயிலகத்துல படிச்சு பெயிலான பிள்ளைங்க இன்னைக்கு எந்த நெலமையில இருக்காங்கன்னு நான் சொல்ல விரும்பல. மனசைக் கெடுத்துக்காம, சந்தோஷமா எழுதுங்க."

பறக்கும் படையும் வந்திருந்தது. மூன்று ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கி, உள்ளே நுழையும் பிள்ளைகளைச் சோதித்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் அமைதிக்கு அனுமதி இல்லை. தாயத்து, திருநீற்றுப் பொட்டலம், ஒரு பெண் கைக்குள் சுருட்டி வைத்திருந்த அம்மாவின் கைக்குட்டை எல்லாம் மேசை மேல் குவிந்தன. ஜான்சியின் பையிலிருந்து ஒரு ஜெபமாலை அகப்பட்டது. "பிட்டு" என்று சொல்லி அதையும் வாங்கி வைத்தார்கள்.

பெற்றோரை எதிர் அறையில் உட்கார வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சு. அந்தோணிசாமியின் முழங்கால் டெஸ்க்கின் அடியில் மாட்டிக்கொண்டது. மாலையில் டியூட்டி இருந்ததால் காக்கிச் சட்டையும் பையுமாகவே வந்திருந்தார். முதல் கேள்விக்குத் தன் பெயரை எழுதினார். இரண்டாவது கேள்வி: 'உங்கள் குழந்தை எதற்கு அஞ்சுகிறது? காரணம் கூறுக.'

'கணக்கு' என்று எழுதினார். அவள் கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல்தான் வாங்குவாள். அடித்தார். 'நாய்' என்று எழுதினார். தெரு நாய்க்குத் தன் இட்லியைப் போடுகிறவள் அவள். அதையும் அடித்தார். 'இருட்டு' என்று பேனாவை வைத்தபோது, காலை நாலரை மணிக்குத் தெருவிளக்கு எரியாத சந்தில் அவள் தனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனது ஞாபகம் வந்தது. மின்விசிறியைப் பார்த்தார். தினம் வண்டியில் ஏறும் ஐம்பத்தைந்து பேரில் யார் எங்கே இறங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. சொந்த மகள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது தெரியவில்லை. உள்ளங்கை வியர்த்து, வினாத்தாளில் எழுத்து ஊறியது.

பக்கத்தில் வைத்திலிங்கம் முழங்கையால் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தோணிசாமியின் பெருமூச்சைக் கேட்டு மனம் இளகி, முழங்கையைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்தோணிசாமி அதைப் பார்த்து எழுதினார்: 'கரப்பான் பூச்சி. அது திடீரென்று பறப்பதே காரணம்.'

பறக்கும் படையின் மூத்த ஆசிரியர் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"ரெண்டு பேரும் எழுந்திரிங்க. ஒரே கரப்பான் பூச்சி ரெண்டு வீட்டுல எப்பிடிய்யா பறந்துச்சு?"

பெற்றோர் தாளில் அந்தோணிசாமிக்குப் பூஜ்யம். காண்பித்த குற்றத்துக்காக வைத்திலிங்கத்துக்கும் பூஜ்யம். இருவரையும் வராந்தாவில் முட்டி போட வைத்தார்கள். வராந்தாவுக்கு நேரே பிள்ளைகள் எழுதும் அறையின் ஜன்னல்.

"சார், என் பையன் பாக்கறானா?" என்று வைத்திலிங்கம் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பாக்கறான்."

"போச்சு. இனிமே வீட்டுல நான் எப்பிடி அவன அதட்டறது?"

"கைய நல்லா கட்டிக்கங்க. படைக்காரரு வர்றாரு."

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜான்சி தலையைத் திருப்பினாள். காக்கிச் சட்டையும் தோல் பையுமாகத் தன் அப்பா, ஓர் உரக்கடைக்காரரோடு சேர்ந்து, கையைக் கட்டி, வாய்மேல் விரல் வைத்து முட்டி போட்டிருப்பதைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு தொண்டைக்குள் ஏதோ குமிழி போல் வந்தது. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. டெஸ்க்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு பீரியடுக்கு வெளியே சிரித்தது ஒழுங்கீனம். விடைத்தாளைப் பிடுங்கி, அதுவரை எழுதியதற்கு ஐம்பதுக்குப் பதினைந்து போட்டு, அவளையும் கொண்டுபோய் அப்பாவின் பக்கத்தில் முட்டி போட வைத்தார்கள்.

"என்னாப்பா பண்ண?"

"காப்பி அடிச்சேன்."

"எந்தக் கேள்விக்கு?"

"நீ எதுக்கு பயப்படறன்னு கேட்டிருந்தாங்க."

"என்ன எழுதின?"

"கரப்பான் பூச்சி."

அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. "போன வாரம் அம்மா கட்டில் மேல ஏறி நின்னு கத்தறப்ப யாரு அத கையால புடிச்சு வெளிய போட்டது?"

"நீதான். அப்ப எதுக்குத்தாம்மா பயம்? சொல்லேன். எனக்கு தெரியலம்மா."

வாய்மேல் வைத்த விரலை அவர் எடுத்துவிட்டார். ஜான்சி வராந்தாத் தரையைப் பார்த்தாள். வழக்கமான 'ஒண்ணுமில்ல' உதடு வரைக்கும் வந்தது. என்ன நினைத்தாளோ, அதை விட்டுவிட்டாள்.

"பஸ்ஸுக்கு" என்றாள்.

"பஸ்ஸுக்கா? நம்ம பஸ்ஸுக்கா?"

"ஏறினா எல்லாரும் மார்க்கு கேக்கறாங்க. முட்லூர்ல மீன்காரம்மா கேக்குது. புதுச்சத்திரத்துல ஒரு தாத்தா தெனம் கேக்கறாரு. நீ எல்லாருகிட்டயும் மாவட்ட ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிட்ட. எக்ஸாம்ல பேப்பரப் பிரிச்சா கணக்கு கண்ணுக்கே தெரியலப்பா. அந்தப் பஸ்ஸு சனம் மொத்தமும் என் டெஸ்க்குல வந்து உக்காந்துக்குது. எடம் இல்லாதவங்க நின்னுக்கிட்டு வர்றாங்க."

அந்தோணிசாமிக்கு முழங்கால் வலி அப்போதுதான் உறைத்தது போல முகம் மாறியது.

"நெசமாவா பாப்பா?"

"ம்."

"இனிமே சொல்லல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"சார்" என்று வைத்திலிங்கம் குறுக்கிட்டார். "இது அருமையான பதில். உட்தலைப்போட எழுதியிருந்தா அஞ்சுக்கு அஞ்சு."

அதற்குள் சிரிப்புச் செய்தி தில்லைநாதனுக்கு எட்டி, அவர் ஒரு புகைப்படக்காரரோடு வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் வாய்மொழித் தேர்வை நடத்தும் ராமாமிர்தம் டீச்சர் மதிப்பெண் பட்டியலோடு வந்தார். கண்ணாடி அணிந்த ஒல்லியான அம்மாள். எழுதியிருப்பதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதவர்.

"எழுந்திரும்மா, எழுந்திரு!" என்றார் தில்லைநாதன். "வாய் விட்டு சிரிச்சியாமே! அஞ்சு வருஷமா இந்தப் பயிலகம் நடத்தறேன். இந்தக் கட்டடத்துல தானா சிரிச்ச மொதல் பிள்ளை நீதான். என் போர்டுல இப்பிடி ஒரு முகம் கெடையாது." அந்தோணிசாமி பக்கம் திரும்பினார். "மார்க்கப் பாத்தா பெயிலு. எழுத்துல பதினஞ்சு, உங்க தாள்ல சைபர். ஆனா கவலைப்படாதீங்க. ஓரல் நடத்தவே வேணாம், முழுசா போட்டு நாற்பதாக்கிடறேன். போட்டோ மட்டும் குடுங்க. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஊருக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைக்கறோம். 'முன்பு வாந்தி. இன்று சிரிப்பு.' கீழ பேரு, ஊரு, பள்ளிக்கூடம்."

புகைப்படக்காரர் கருவியைத் தூக்கினார். அந்தோணிசாமிக்குச் சான்றிதழ் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. வழிநெடுக எட்டு ஊரில் மகளின் முகமும் தெரிந்தது. நேற்றாக இருந்தால் ஃபிளெக்ஸைக் கட்ட அவரே ஏணியைப் பிடித்திருப்பார். ஜான்சியைப் பார்த்தார்.

"வேணாம் சார்" என்றாள் ஜான்சி.

"என்ன?"

"போட்டோ வேணாம்."

"ஏன், பயமா இருக்கா?"

அவள் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். "கொஞ்சம் இருக்கு சார். இருந்தாலும் வேணாம்."

முப்பத்தைந்து வருடமாக அந்த வராந்தாவில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பறக்கும் படையினர் ஆட்டோவைத் தேடினார்கள். தில்லைநாதனின் காது சிவந்தது.

"வேணாமா? அப்ப ஓரலும் நடத்தித்தான் மார்க்கு. டீச்சர், நீங்களே கேள்வி கேளுங்க. எவ்வளவு வருதுன்னு பாப்போம்."

"ஓரல் முடிஞ்சிடுச்சு சார்" என்றார் ராமாமிர்தம் டீச்சர், பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்ப?"

"இப்பத்தான். கண்ணைப் பார்த்துப் பேசுதல், அஞ்சு. பாத்துச்சு. குரல் தெளிவு, அஞ்சு. தெளிவா இருந்துச்சு. பயத்தை ஒப்புக்கொள்ளுதல், அஞ்சு. 'கொஞ்சம் இருக்கு'ன்னுச்சு. வேண்டாததை மறுத்தல், பத்து. ரெண்டு தடவை மறுத்துச்சு. மொத்தம் இருபத்தஞ்சு."

"என்னைய எதுத்துப் பேசினதுக்கா டீச்சர் பத்து மார்க்கு? இதெல்லாம் யாரு போட்ட விதி?"

"நீங்க போட்டதுதான் சார். பாண்டிச்சேரியில மனநல டாக்டருங்க நடத்தின பயிற்சியில குடுத்த தாள அப்பிடியே ஜெராக்ஸ் எடுத்து, இதுதான் நம்ம விதின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. நம்ம பிள்ளைங்க யாரும் மறுக்கறதே இல்லைங்கறதால அந்தப் பத்தை இதுவரைக்கும் கிரேஸ் மார்க்காதான் போட்டுக்கிட்டு வந்தோம். படிச்சு வாங்கின மொத ஆளு இதுதான்."

"அடிச்சிடுங்க அதை."

"சிவப்புப் பேனாவுல போட்டுட்டேன் சார்."

தில்லைநாதன் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளை அடித்திருக்கிறார், சிவப்பில் போட்ட மதிப்பெண்ணை அவர் வாழ்நாளில் அடித்ததில்லை. பதினைந்தும் பூஜ்யமும் இருபத்தைந்தும் எவ்வளவு என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். நாற்பதுதான் வந்தது. இயற்பியல் ஆசிரியரான அவரால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. சான்றிதழில் 'அமைதியில் தேர்ச்சி, மூன்றாம் வகுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"சார்" என்றாள் ஜான்சி, "என் ஜெபமாலை."

அதையும் கொடுத்தார்.

மாலையில் அந்தோணிசாமி டியூட்டியில் ஏறினார். திங்கட்கிழமை சான்றிதழை விருத்தாம்பாளின் மேசையில் வைத்தால் போதும். ஜான்சி கண்டக்டர் சீட்டுக்கு முன்சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தன்னையறியாமல் பாதி காலி செய்திருந்தாள். புவனகிரியில் மீன்கார மாரியம்மாள் காலி அலுமினிய அன்னக்கூடையோடு ஏறினாள்.

"என்னா கண்டக்டரே, பாப்பாவும் வருதே! என்னா மார்க்கு?"

அந்தோணிசாமிக்கு வாய் ஊறியது. ஓரலில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பயிலகத்தின் வரலாற்றிலேயே கிரேஸ் இல்லாமல் வாங்கிய முதல் ஆள். டீச்சரே சொன்னார். மாவட்டத்தில் என்ன, மாநிலத்திலேயே இருக்க மாட்டார்கள். எச்சிலை விழுங்கினார். அது கடினமாக இறங்கியது.

"எங்க போவணும்?" என்றார்.

"தெனம் போற எடம்தான்யா. மார்க்க கேட்டா எடத்த கேக்கற."

"முட்லூரு ஒண்ணு. சில்லறையா குடு."

மாரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜான்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்னாடி ஆச்சு உங்கப்பனுக்கு? மொகமே நல்லா இல்லையே."

ஜான்சி ஒரு கடலையை உடைத்தாள். "அப்பா இன்னிக்கு பரீட்சை எழுதுனாரு ஆயா."

"இந்த வயசுலயா? எவ்வளவு?"

"சைபர். காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டாரு."

மாரியம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு பரவியது. டிரைவரே வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். முட்லூரில் ஏறியவர்களுக்கு இறங்கியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். "என்னா கண்டக்டரே, சைபராமே?" என்று ஒருவர் கேட்டார். "யார பாத்து எழுதினீங்க?" என்றார் இன்னொருவர். புதுச்சத்திரத்துப் பெரியவர், அடுத்த தடவை நன்றாகப் படித்து எழுதும்படியும், முயற்சியைக் கைவிடக் கூடாதென்றும் அறிவுரை சொன்னார். நின்றுகொண்டு வந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்தோணிசாமிக்குக் காது சூடானது. டிக்கெட் கிழித்த விரல் நிலைகொள்ளாமல் ஆடியது. யாருக்கு எந்த ஊர் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

ஜான்சி தன் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, ஜன்னல் ஓரத்தை அவருக்கு விட்டாள்.

"இப்பிடி உக்காருப்பா. காத்து வரும். ஆலப்பாக்கம் தாண்டினா மறந்துடுவாங்க."